ஐடஹோ-மேரிலாந்து தங்கச் சுரங்கம்

அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில், கிராஸ் வேலி நகரை ஒட்டியுள்ள நிலத்தடிச் சுரங்கம். 1860களில் தொடங்கி 1956இல் மூடப்பட்டது; பின்னர் சுரங்கப் பாதைகளில் நீர் நிரம்பிவிட்டது. 2017இல் இதை வாங்கிய ரைஸ் கோல்டு என்ற சிறு நிறுவனம், மீண்டும் திறக்க நெவாடா கவுன்டியிடம் 2019 நவம்பரில் விண்ணப்பித்தது. நாளொன்றுக்குச் சுமார் 1,000 டன் பாறையை வெட்டியெடுக்க 80 ஆண்டு அனுமதி கேட்டது.

முதல் வேலை, தேங்கிய நீரை இறைத்துச் சுத்திகரித்து ஓடையில் விடுவது. சர்ச்சையின் வேரும் இதுதான். சுற்றுவட்டாரத்தில் பல வீடுகளுக்குச் சொந்தக் கிணறே குடிநீர் ஆதாரம். சுரங்கத்தில் இறைக்க இறைக்க அந்தக் கிணறுகளில் நீர்மட்டம் இறங்கிவிடும் என மக்கள் அஞ்சினர். பாறையிலுள்ள கல்நார் இன்னொரு கவலை. திட்டத்தின் சுற்றுச்சூழல் பாதிப்பு பற்றிய வரைவறிக்கை 2022 ஜனவரியில்தான் வந்தது.

பிறகு நிறுவனம், பழைய சுரங்க உரிமை இன்றும் செல்லும், புது அனுமதியே வேண்டாம் என்று வாதிட்டது. கவுன்டி மேற்பார்வையாளர் குழு 2023 டிசம்பரில் அதை ஏற்க மறுத்தது. 2024 பிப்ரவரியில் திட்டத்தையே ஐந்து உறுப்பினர்களும் ஒருமனதாக நிராகரித்தனர். நிறுவனம் நீதிமன்றத்தை நாடியது.