மின்னணுக் கையொப்பம் (இந்தியா)

மின்னணு ஆவணம் ஒன்றை இன்னார் ஒப்புக்கொண்டார் என்று காட்டும் முறை. இந்தியாவில் இதற்குச் சட்டத் தகுதி தந்தது தகவல் தொழில்நுட்பச் சட்டம், 2000. அவ்வாண்டு அக்டோபர் 17 முதல் அது நடைமுறைக்கு வந்தது. ஐ.நா. பன்னாட்டு வணிகச் சட்ட ஆணையத்தின் 1996ஆம் ஆண்டு மாதிரிச் சட்டம் இதற்கு முன்னோடி.

தொடக்கத்தில் சட்டம் ஏற்றது டிஜிட்டல் கையொப்பம் ஒன்றைத்தான். ஆவணத்திலிருந்து கணிக்கப்படும் ஹேஷ் எண்ணை, ஒப்பமிடுபவர் தம் ரகசியச் சாவியால் மறையாக்குவார். அவருடைய பொதுச் சாவியைக் கொண்டு யாரும் சரிபார்க்கலாம். பிறகு ஒரு காற்புள்ளி மாறினாலும் குட்டு வெளிப்பட்டுவிடும். அந்தப் பொதுச் சாவி இன்னாருடையது என்பதற்கு உரிமம் பெற்ற நிறுவனங்கள் வழங்கும் சான்றிதழ், ரகசியச் சாவியோடு பென் டிரைவ் போன்ற டோக்கனில் வரும். சாவி கைமாறாமல் பார்த்துக்கொள்வது சான்றிதழ் பெற்ற சந்தாதாரரின் கடமை என்கிறது பிரிவு 42. நடப்பு வேறு: ஆடிட்டர் அலுவலக இழுப்பறைகளில் இயக்குநர்களின் டோக்கன்கள் பெயர்ச்சீட்டும் கடவுச்சொல்லும் ஒட்டப்பட்டுக் கிடக்கும். கணிதத்தில் ஓட்டையில்லை, இழுப்பறையில்தான்.

ஒரே தொழில்நுட்பத்தைக் கட்டிக்கொண்டு அழுத இந்த நிலையை 2008ஆம் ஆண்டுத் திருத்தம் மாற்றியது. 2009 அக்டோபர் 27இல் அமலான பிரிவு 3ஏ, அரசு அறிவிக்கும் பிற முறைகளுக்கும் இடம் தந்தது. 2015இல் ஆதார் வழி இ-சைன் வந்தபோதுதான் அது சாமானியரை எட்டியது. டோக்கன் வேண்டாம், ஓ.டி.பி. போதும்.

ஸ்கேன் செய்து ஒட்டிய கையெழுத்தும் மின்னஞ்சலின் அடியில் தட்டச்சிட்ட பெயரும் டிஜிட்டல் கையொப்பத்திலும் அடங்கா, பிரிவு 3ஏ ஏற்கும் முறைகளிலும் அடங்கா. அதற்காக ஒப்பந்தம் செல்லாது என்றாகாது. மின்னணு வடிவில் அமைந்தது என்பதாலேயே ஒப்பந்தத்தைத் தள்ளக்கூடாது என்பது பிரிவு 10ஏ. பாதுகாப்பான மின்னணுக் கையொப்பம் என்றால் நீதிமன்றம் முதலில் அதை நம்பும், மறுப்பவர்தான் மாற்றி நிரூபிக்க வேண்டும். ஒட்டிய கையெழுத்துக்கு அந்தச் சலுகை கிடையாது.

உயிலும் அறக்கட்டளைப் பத்திரமும் இச்சட்டத்துக்கு வெளியே உள்ளவை. அவற்றில் பேனா பிடித்தே ஆகவேண்டும். அசையாச் சொத்து விற்பனை ஒப்பந்தமும் அந்த விலக்குப் பட்டியலில் இருந்தது, 2022இல் நீக்கப்பட்டது. ஆனாலும் கிரயப் பத்திரம் பதிவுச் சட்டப்படி பதிவானால்தான் செல்லும்.