கோலி சோடா யாருடையது?

போன சித்திரையில் ஊருக்குப் போயிருந்தபோது மாமா ஒரு வாட்ஸப் செய்தியைக் காட்டினார். 'தமிழனின் பாரம்பரிய பானம் கோலி சோடா, அந்நிய கோலாவைப் புறக்கணிப்போம்' என்று போட்டிருந்தது. 2017 ஜல்லிக்கட்டு போராட்டத்துக்கு அப்புறம், மார்ச் 1 முதல் பெப்சி, கோக் விற்கமாட்டோம்னு வணிகர் சங்கங்கள் அறிவித்தது நினைவிருக்கும். அப்போது பரவ ஆரம்பித்த வகையறா இது.

நானும் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்காமல், "மாமா, அந்த பாட்டிலைக் கண்டுபிடிச்சதே ஒரு வெள்ளைக்காரன்தான்" என்றேன். மாமா முகம் சுருங்கிவிட்டது. அருப்புக்கோட்டை பக்கம் ஒரு சின்ன ஊரில் முப்பது வருஷம் சோடா கம்பெனி நடத்தியவர் அவர். கம்பெனி என்றால் பெரிதாக எண்ண வேண்டாம். ஒரு ஓட்டுக் கொட்டகை, ஒரு மிஷின், ஒரு சிலிண்டர், ரெண்டு ஆள். "அப்ப நான் அவன் சரக்கைத்தான் வித்தேங்குறியா மாப்ள?" என்று கேட்டார். எனக்கு உடனே பதில் சொல்ல வரவில்லை. அதற்காகத் தேடிப் படித்ததுதான் இந்தக் குறிப்பு.

தண்ணீருக்குள் வாயுவை ஏற்றும் வித்தை இங்கிலாந்தில் ஒரு சாராய ஆலைப் பக்கத்தில் ஆரம்பிக்கிறது. 1767ல் லீட்ஸ் நகரில் ஜோசப் பிரீஸ்ட்லி ஒரு பீர் ஆலைக்கு அடுத்த வீட்டில் குடியிருந்தார். நொதிக்கும் தொட்டிக்கு மேலே நிற்கும் வாயுவைத் தண்ணீரில் கலக்க முடியும் என்று அங்கேதான் பார்த்தார். 1772ல் அதைச் செய்யும் முறையை அச்சிட்டு வெளியிட்டார். காசு பார்த்தது அவரில்லை. ஜெனிவாவில் 1783ல் தொழிலாகத் தொடங்கிய ஷ்வெப் என்பவர். இந்தத் தண்ணீரில் அந்தக் காலத்தில் சோடா உப்பும் சேர்ப்பார்கள். இன்றைக்குக் கடையில் வாங்குவதில் பெரும்பாலும் வெறும் வாயுதான். பேர் மட்டும் ஒட்டிக்கொண்டது.

தண்ணீரில் வாயுவை அடைப்பதைவிட, அது ஓடிப்போகாமல் மூடுவதுதான் கஷ்டம். கார்க் காய்ந்தால் சுருங்கிவிடும், வாயு போய்விடும். அதனால் அடி கூர்மையான, நிற்கவே முடியாத பாட்டில் செய்து படுக்கவைத்தார்கள். கார்க் எப்போதும் நனைந்தே இருக்குமே! லண்டன்காரர் ஹிராம் காட் 1872ல் பேட்டன்ட் வாங்கிய பாட்டில் இந்தத் தலைவலியை ஒழித்தது. கழுத்துக்குள் ஒரு கண்ணாடிக் கோலி, வாய்ப்பக்கம் ஒரு ரப்பர் வளையம். பாட்டிலைத் தலைகீழாக வைத்து நிரப்பினால் கோலி வாய்க்கு விழும், உள்ளே இருக்கும் வாயுவே அதை ரப்பரோடு அழுத்திப் பிடித்துக்கொள்ளும். எது தப்பிக்கப் பார்க்கிறதோ அதையே காவலுக்கு வைத்துவிட்டார் மனுஷன். சாஃப்ட்வேர் வேலையில் இருபது வருஷம் ஓட்டியவன் என்ற முறையில் சொல்கிறேன், இவ்வளவு சுத்தமான டிசைனை நான் அதிகம் பார்த்ததில்லை.

கழுத்தில் ரெண்டு குழி இருக்குமே, அதுவும் அழகுக்கு இல்லை. குழி இருக்கும் பக்கம் கீழே வருகிற மாதிரி பிடித்துக் குடித்தால் கோலி அதில் உட்கார்ந்துகொள்ளும், வழியை அடைக்காது. மாற்றிப் பிடித்து, சோடா வரவில்லையே என்று உதறிக்கொண்டிருந்த சின்ன வயசு எனக்கு மட்டும்தானா?

1892ல் அமெரிக்காவில் வில்லியம் பெயின்டர் தகர மூடிக்கு பேட்டன்ட் வாங்கினார். மேற்கே காட் பாட்டிலின் கதை அதோடு இறங்குமுகம். கனமான பாட்டில், கோலியைப் போட்டபிறகு கழுத்தை வளைத்து மூடும் தனி வேலை வேறு. பெரிய ஆலைக்குத் தகர மூடிதான் தோது. ஜப்பானில் ராமுனே என்ற பெயரில் கோலி பாட்டில் தங்கிவிட்டது. இங்கேயும் தங்கியது.

ஏன் இங்கே தங்கியது? என் கணிப்பு இது: தகர மூடி ஒவ்வொரு தடவையும் புதுசாக வேண்டும், அதை அமுக்க மிஷின் வேண்டும். கோலி பாட்டிலுக்கு எப்போதாவது ஒரு ரப்பர் மாற்றினால் போதும். விருதுநகரில் 1916ல் தொடங்கிய காளிமார்க் மாதிரி சில பேர் பெரிய நிறுவனமாக வளர்ந்தார்கள். மற்றபடி கையில் கொஞ்சம் பணம் இருந்தால் எந்த ஊரிலும் ஒரு சோடா கம்பெனி போட்டுவிடலாம். சுற்றுவட்டாரம் முழுக்க 'கலரு' சப்ளை ஆகும், காலி பாட்டில் திரும்பி வரும். வராத பாட்டில், கோலிக்காகப் பையன்கள் உடைத்ததாக இருக்கும்.

மாமாவிடம் வேலை எப்படி நடக்கும் என்று கேட்டேன். விடியற்காலையில்தான் வாயு ஏற்றுவாராம். தண்ணீர் குளிர்ந்திருந்தால் வாயு நன்றாகக் கரையும். இயற்பியல் புத்தகத்தில் இருக்கிற சங்கதிதான், அவர் அனுபவத்தில் கற்றது. தண்ணீரும் எசன்ஸும் ஊற்றி, பாட்டில்களை மரப்பெட்டியில் இறுக்கி, வாயுவைத் திறந்துவிட்டு சக்கரத்தைக் கையால் சுற்றவேண்டும். நிறுத்தும்போது பாட்டில் தலைகீழாக நிற்கும், கோலி உட்கார்ந்துவிடும்.

சித்திரை வெயிலில்தான் விற்பனை, அதே வெயிலில்தான் ஆபத்தும். சூட்டில் அழுத்தம் ஏறும், விரிசல் விட்ட பாட்டில் வெடிக்கும். மாமாவின் வலது புருவத்துக்கு மேலே இருக்கும் தழும்பை மாட்டு வண்டியிலிருந்து விழுந்தது என்றே இத்தனை நாள் நினைத்திருந்தேன். "ஈரச் சாக்குப் போட்டு மூடிவைன்னு சொன்னேன், அந்தப் பய மறந்துட்டான்" என்றார், ஏதோ நேற்று நடந்ததுபோல.

இப்போது கோலி சோடா திரும்ப மவுசுக்கு வந்திருக்கிறது. வளைகுடா நாடுகளுக்கு ஏற்றுமதியாகிறது. மாமா கம்பெனி மூடி ரொம்ப நாளாகிறது. பிளாஸ்டிக் பாட்டில் வந்தபிறகு யாரும் காலி பாட்டிலைத் திருப்பித் தரவில்லை, அவரிடம் புதுசு வாங்கக் காசில்லை. கோலா அவரைச் சாய்த்தது என்றுதான் நான் எண்ணியிருந்தேன். "கோலா குடிக்கிறவன் வேற, நம்மகிட்ட வர்றவன் வேற மாப்ள. பாட்டில் வரல, அவ்வளவுதான்" என்றார்.

லண்டன் பாட்டில் என்பது உண்மை. ஆனால் லண்டனில் கைவிட்டபிறகு அதைக் கழுவி, ரப்பர் மாற்றி, தழும்பு வாங்கி ஓட்டியது இவர்கள். நீங்கள் விற்றது உங்கள் சரக்குதான் என்று மாமாவிடம் சொன்னேன். அவர் பதில் சொல்லாமல் உள்ளே போய், கோலியை அமுக்கித் திறக்கும் பழைய மரக்கட்டையை எடுத்துவந்து என் கையில் கொடுத்தார். நடுவில் தேய்ந்து பளபளவென்று இருந்தது.