அழைப்பு ஏன் அறுந்து அறுந்து வருகிறது? நோட்டன் பிரிட்ஜ் வீடுகளுக்கு ஒரு வைஃபை குறிப்பு

நோட்டன் பிரிட்ஜில் கெஹெல்கமு ஓயாவை மறித்து அணை கட்டி, 1965இல் விமலசுரேந்திர மின்நிலையத்தை இயக்கினார்கள். நாட்டுக்கு வெளிச்சம் கொடுக்கும் ஊர். சுற்றியுள்ள தோட்டங்களின் லயன் அறைகளிலோ மாலையில் ஒரு வாட்ஸ்அப் அழைப்பைக் கதைத்து முடிப்பதே பெரும்பாடு. 1977, 1983 வன்முறைகளுக்குப் பின் வன்னிக்குப் போய்க் குடியேறி, அங்கே போரிலும் அகப்பட்ட மலையகக் குடும்பங்களின் சொந்தங்கள் இன்னும் இந்த மலைகளில் இருக்கிறார்கள். வளைகுடாவுக்கு வேலைக்குப் போன தாய்மாரும் உண்டு. இங்கே அழைப்பு அறுந்தால் அறுவது ஒரு குடும்பத்தின் பேச்சு.

பெரிய பக்கேஜ் வாங்கினால் சரியாகிவிடும் என்று பலரும் நினைக்கிறார்கள். அது எப்போதும் உண்மையல்ல. வேகம் வேறு, தாமதம் வேறு. குரல் அழைப்புக்கு 100 கிலோபிட் அளவே போதும். ஆனால் அது நேரத்துக்குப் போய்ச் சேர வேண்டும். ஒருவழித் தாமதம் 150 மில்லிசெக்கனுக்குள் இருப்பது நல்லது என்கிறது சர்வதேச தொலைத்தொடர்பு ஒன்றியம். அதைப் பல மடங்கு தாண்டினால் இருவரும் ஒரே நேரத்தில் பேசத் தொடங்கிவிடுவார்கள்.

முதலில் தாமதம் எங்கே என்று பாருங்கள். கணினியிலோ கைத்தொலைபேசிச் செயலியிலோ 'பிங்' கொடுத்து ரவுட்டரின் முகவரியைச் சோதியுங்கள். அது பல ரவுட்டர்களில் 192.168.1.1 ஆக இருக்கும். பதில் 10 மில்லிசெக்கனுக்குள் வந்தால் வீட்டு வைஃபை நலம். நூறைத் தொட்டால் கோளாறு வீட்டுக்குள்தான். பிறகு 8.8.8.8ஐச் சோதியுங்கள். வீட்டில் யாராவது வீடியோ அனுப்பும்போது மட்டும் இந்த எண் எகிறினால், ரவுட்டரில் வரிசை தேங்குகிறது என்று அர்த்தம்.

கொழுந்து நிறுக்கும் இடத்தை நினைத்துக்கொள்ளுங்கள். பத்து மூட்டைக்காரர் முன்னால் நின்றால் ஒரு பிடிக் கொழுந்தோடு வந்தவரும் காத்திருக்கத்தான் வேண்டும். மூட்டை, பதிவேற்றப்படும் வீடியோ. ஒரு பிடி, உங்கள் குரல். ரவுட்டரின் 'கியூஓஎஸ்' பகுதி குரலை முன்னால் விடும். ஆனால் வரிசை உங்கள் ரவுட்டரிலேயே நிற்க வேண்டும். வெளியே போய்த் தேங்கினால் அதற்கு அதிகாரமில்லை. ஆகவே மாலையில் சில நாட்கள் பதிவேற்ற வேகத்தை அளந்து, மிகக் குறைந்த அளவில் 85 சதவீதத்தை எல்லையாகக் கொடுங்கள். 4 மெகாபிட் என்றால் 3.4. ஃபோர்ஜி வேகம் ஏறி இறங்குவதால்தான் குறைந்த அளவை எடுக்கச் சொல்கிறோம். கம்பனி தரும் மலிவு ரவுட்டர்கள் பலவற்றில் இந்த வசதி இருக்காது. அப்படியானால் கைத்தொலைபேசிகளில் படங்கள் தானாகப் பதிவேறுவதை நிறுத்துங்கள். செலவில்லாத வைத்தியம், பல வீடுகளுக்கு இதுவே போதும்.

எக்ஸ்டென்டரைச் சிக்னல் இல்லாத அறையிலேயே மாட்டுவது வழக்கமான பிழை. கெட்டுப்போன சிக்னலைத்தான் அது திருப்பிச் சொல்லும். ரவுட்டருக்கும் அந்த அறைக்கும் நடுவில், சிக்னல் இன்னும் நன்றாக உள்ள இடத்தில் வையுங்கள். ஒற்றை அலைவரிசை எக்ஸ்டென்டர் வேகத்தைப் பாதியாக்கும், தாமதத்தையும் கூட்டும். இரட்டை அலைவரிசை உள்ளதை வாங்கி, ரவுட்டரோடு 5 கிகாஹெர்ட்ஸிலும் தொலைபேசிகளோடு 2.4இலும் இணைக்கலாம். லயனில் பக்கத்து வீட்டு வைஃபையும் மோதும், 2.4இல் 1, 6, 11 ஆகிய சனல்களில் நெரிசல் குறைந்ததைத் தெரிவுசெய்யுங்கள்.

எங்களைக் கேட்டால் வயர்தான் சிறந்தது. சிம் ரவுட்டரை டவர் பார்க்கும் ஜன்னலோரம் வைத்துவிடுங்கள். கல்சுவரும் தகரக்கூரையும் சிக்னலை மறிக்கும். அங்கிருந்து உள்ளறைக்கு நெட்வேர்க் வயர் இழுத்து, இரண்டாவது ரவுட்டரை 'அக்சஸ் பொயின்ட்' ஆக்குங்கள். 100 மீற்றர் வரை இழுக்கலாம். வெளியால் இழுத்தால் இடிமழை நேரத்தில் கழற்றிவிடுங்கள்.

இவ்வளவும் செய்த பிறகும் மாலையில் தாமதமிருந்து விடியற்காலையில் இல்லையென்றால் நெரிசல் பெரும்பாலும் டவரில். அதை வீட்டு ரவுட்டரால் தீர்க்க முடியாது. அந்த நேரத்தில் வீடியோவை நிறுத்திக் குரலில் மட்டும் கதையுங்கள். அளந்த எண்களைத் திகதி, நேரத்தோடு எழுதிவைத்திருந்தால் கம்பனிக்கு முறையிடும்போது கையில் ஆதாரம் இருக்கும்.