எட்டு மாதமும் எழுபது ஆண்டும்

1814 ஜூன் 29 அன்று வெஸ்லியன் மிஷனரிமார் காலியில் கரையிறங்கினர். அவர்களைத் திரட்டிக் கூட்டிவந்த தோமஸ் கோக் வழியில், கடலிலேயே இறந்துபோனார். அதே பயணத்தில் வில்லியம் ஓல்ட் தம் மனைவியையும் பறிகொடுத்தார். ஊர்களைப் பிரித்துக்கொண்டபோது யாழ்ப்பாணத்துக்கு இருவர் சேர்ந்து போனார்கள். மட்டக்களப்புக்கு ஓல்ட் தனியே வந்தார். அந்த ஆண்டிலேயே அவர் தொடங்கிய பள்ளிக்கூடம்தான் இன்றைய மெதடிஸ்த மத்திய கல்லூரி. 1815 ஏப்ரல் 1 அன்று அவரும் காலமானார். மட்டக்களப்பு மண்ணில் அவர் வாழ்ந்தது ஏறக்குறைய எட்டு மாதம்.

விழா மேடைகளில் இதை ஒரு தியாக வரலாறாகச் சொல்லுவோம். தியாகம்தான். ஆனால், மனைவியைக் கடலுக்குக் கொடுத்துவிட்டு வந்தவரை, பாஷை தெரியாத ஊருக்கு, துணைக்கு ஒருவரும் இல்லாமல் அனுப்பியது சரியா என்று எந்த மேடையிலும் நான் கேட்டதில்லை. நோய் ஆள் பார்த்து வருவதில்லை. துணைக்கு ஆள் இருந்திருந்தால் பிழைத்திருப்பார் என்று நான் சொல்லவரவில்லை. அனுப்பிய முறையைத்தான் கேட்கிறேன். ஏனென்றால் எங்கள் வாலிபர் தலைவர்களை இன்றைக்கும் நாம் அப்படித்தான் அனுப்புகிறோம்.

செங்கலடிச் சந்தியைச் சுற்றியுள்ள எந்தச் சபையிலும் இதைப் பார்க்கலாம். நன்றாகப் பாடுகிற, கிதார் பிடிக்கத் தெரிந்த, கூப்பிட்ட நேரத்துக்கு வருகிற பிள்ளை ஒன்று இருக்கும். உயர்தரம் எழுதிவிட்டு முடிவுக்குக் காத்திருக்கும், அல்லது வந்தாறுமூலைப் பல்கலைக்கழகத்தில் முதல் வருடம் படிக்கும். அந்தப் பிள்ளையிடம் வாலிபர் ஐக்கியத்தை ஒப்படைத்துவிடுவோம். கொழும்பிலோ கண்டியிலோ மூன்று நாள் பாசறை ஒன்றுக்கு அனுப்பினால் பயிற்சியும் முடிந்தது. சான்றிதழ் சட்டகத்துக்குள் போகும், பிள்ளை கூட்டத்துக்குள் போகும்.

அங்கே அதற்குக் கிடைப்பது பாசறையில் சொல்லித்தந்த விளையாட்டுகளுக்குள் அடங்காத காரியங்கள். தாய் மத்திய கிழக்கில், அம்மம்மாவோடு வளரும் பதினைந்து வயதுப் பெண். நுண்கடன் அறவிட வருகிறவரைக் கண்டு வீட்டுப் பின்பக்கத்தால் வெளிக்கிட்டுப் போகும் குடும்பம். போதைப்பொருளுக்குப் பழகிவிட்ட பொடியன். சாக வேண்டும்போல் இருக்கிறது என்று நடுச்சாமத்தில் வட்ஸ்அப்பில் வரும் ஒரு வரி. இருபது வயதுத் தலைவர் அதற்கு என்ன பதில் எழுதுவார்? யாரிடம் கேட்டு எழுதுவார்?

ஓல்ட்டின் கதைக்கு எதிர்ப்பக்கமும் மட்டக்களப்பிலேயே இருக்கிறது. 1948இல் அமெரிக்காவிலிருந்து இங்கு வந்த இயேசு சபையினரில் பென் ஹென்றி மில்லர், யூஜின் ஹெபர்ட் இருவரும் அடங்குவர். ஹெபர்ட் அடிகள் கூடைப்பந்துப் பயிற்சியாளர். மைதானத்தில் அவர் போட்ட சத்தத்தை இன்றும் முதியவர்கள் சொல்லிச் சிரிப்பார்கள். 1990 ஆகஸ்ட் 15 அன்று வாழைச்சேனையிலிருந்து ஸ்கூட்டரில் மட்டக்களப்புக்குத் திரும்பியவரை ஏறாவூருக்கு அண்மையில் கண்டதுதான் கடைசி. ஸ்கூட்டரின் பின்னால் அமர்ந்து வந்த தமிழ் இளைஞனும் அவரோடு காணாமல் போனார். அந்தப் பாதை செங்கலடிச் சந்தியைக் கடந்துதான் போகிறது. மில்லர் அடிகளோ காணாமல் போனவர்களின் விபரங்களைப் பதிந்துகொண்டு, சமாதானக் குழுவில் உழைத்துக்கொண்டு, 2019இன் தொடக்கம்வரை வாழ்ந்தார். வந்து எழுபது ஆண்டு.

நண்பரை இழந்த பிறகும் ஒரு மனிதர் எப்படித் தாக்குப்பிடித்தார்? அவருடைய விசுவாசம் என்று ஒற்றைச் சொல்லில் முடிக்கலாம். நான் இன்னொன்றையும் சேர்ப்பேன். அந்தச் சபையில் பல ஆண்டுப் பயிற்சி உண்டு. அதற்குப் பிறகு இரவுச் சாப்பாட்டுக்கு ஒரே மேசை உண்டு, மனதைத் திறந்து பேச ஓர் ஆன்ம வழிகாட்டி உண்டு. எங்கள் வாலிபர் தலைவருக்கு இந்த மூன்றில் ஒன்றுகூட இல்லை.

1996இல் பவுல் சற்குணநாயகம் அடிகளும் கனேடியக் கலைஞர் போல் ஹோகனும் மட்டக்களப்பில் தொடங்கிய வண்ணத்துப்பூச்சிப் பூங்காவை இங்கே நினைக்காமல் இருக்க முடியாது. போரால் காயப்பட்ட தமிழ், முஸ்லிம் சிறுவர்களைப் பஸ்ஸில் கூட்டிவந்து களிமண், வண்ணம், கதை, பாட்டு என்று மாதக்கணக்கில் விளையாடவிட்ட இடம் அது. இன்று வந்து நாளை போகிற வேலையாக அதை அவர்கள் வைக்கவில்லை. பிள்ளையோடு இருக்கப்போகிறவர் முதலில் தன் காயத்தோடு இருக்கப் பழக வேண்டும் என்பதே அங்கிருந்து நான் எடுத்துக்கொண்ட பாடம். அதை மூன்று நாள் பாசறையில் பழக்க முடியாது.

கத்தோலிக்க உலகில் பாப்பரசர் பிரான்சிஸ் 2019 மார்ச் 25 அன்று கையொப்பமிட்ட ‘கிறிஸ்து வாழ்கிறார்’ மடலும், இளைஞரோடு உடன் நடக்கத் தகுதிபெற்றவர்கள் போதாது என்பதை ஒளிக்காமல் சொல்கிறது. அதற்குப் பின் ஒரு மாதம்கூட ஆகவில்லை. ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறு காலை, மட்டக்களப்பு சீயோன் தேவாலய முற்றத்தில் குண்டு வெடித்தது. இறந்த முப்பதுக்கு மேற்பட்டவர்களில் பலர் ஓய்வுநாள் பாடசாலை முடித்து வெளியே வந்த பிள்ளைகள். அடுத்த ஞாயிறுகளில் மிஞ்சிய பிள்ளைகளின் முன் நின்ற ஆசிரியர்களை எந்தப் பாடப்புத்தகம் ஆயத்தப்படுத்தியிருக்கும்?

எனவே செங்கலடிக்கு ஏற்ற பயிற்சி என்று நான் நினைப்பதைச் சொல்லிவிடுகிறேன். அது ஆண்டு முழுக்க நீள வேண்டும், மாதம் ஒரு சந்திப்பாக. பெரும்போக அறுவடை நாளில் வைத்தால் வயலுக்குப் போகிற பிள்ளை வராது. மார்கழி வெள்ளத்தில் வைத்தால் படுவான்கரைப் பக்கத்தார் வரமாட்டார்கள். நகரத்தில் அச்சிட்ட கால அட்டவணைக்கு இதெல்லாம் தெரிவதில்லை. வேதபாடத்தோடு அயலைப் பற்றிய பாடமும் வேண்டும்: கூட்டத்துக்கு வரும் பிள்ளைகளில் பலரின் வீடு சைவ வீடு, அடுத்த ஊர் முஸ்லிம் ஊர். கோயில் திருவிழா நாளில் பெற்றோருக்கு ஒளித்துப் பிள்ளையைக் கூட்டத்துக்கு இழுக்கிற தலைவர், அந்தப் பிள்ளையின் வீட்டுக் கதவைத் தானே அடைக்கிறார்.

சிறுவர் பாதுகாப்பும் சொல்லித்தர வேண்டியதே. 1998ஆம் ஆண்டின் 50ஆம் இலக்கச் சட்டத்தால் அமைந்த தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகாரசபையின் 1929 என்ற தொலைபேசி இலக்கம் ஒவ்வொரு தலைவருக்கும் மனப்பாடமாக இருக்க வேண்டும். சபைக்குப் பெயர் கெடும் என்று பெரியவர்கள் தடுத்தாலும் அதை அழுத்தலாம் என்ற தைரியமும் வேண்டும். அந்தத் தைரியத்துக்குப் பின்னால் ஒரு பெரியவராவது நிற்காவிட்டால் பிள்ளை என்ன செய்யும்?

இந்த மலரைப் புரட்டும் சபைப் பொருளாளர்களிடம் எனக்கு ஒரு விண்ணப்பம் உண்டு. ஒலிபெருக்கிக்கும் நத்தார் அலங்காரத்துக்கும் வரவுசெலவில் பகுதி ஒதுக்குகிறீர்கள். வாலிபர் தலைவரின் பஸ் காசுக்கும், மாதம் ஒருமுறை அவரை இருத்தி வைத்து, குறுக்கே பேசாமல் கேட்கக்கூடிய ஒரு மூத்தவரின் போக்குவரத்துக்கும் அடுத்த வருடத்தில் ஒரு வரி சேர்த்துவிடுங்கள். மேளம் வாங்குகிற செலவுகூட வராது.