முக்காலே மூன்று வீசம்

ஒரு செயல் ஏறக்குறைய முடிந்துவிட்டதெனில் ‘முக்காலே மூன்று வீசம் முடிந்தது’ என்பது தமிழ்நாட்டுப் பேச்சு வழக்கு. சுவேத நதி பாயும் கெங்கவல்லிச் சீமைக்கும் அது புதிதன்று. வீசம் என்பது பதினாறில் ஒன்று. முக்கால், பன்னிரண்டு வீசம். மேலும் மூன்று சேரப் பதினைந்து. இன்றைய பள்ளிப் பிள்ளை இதனை 15/16 என எழுதும். கீழே நிற்கும் 16 பகுதி. முழுமை எத்தனை சம கூறானது என்பதை அது காட்டும். மேலே நிற்கும் 15 தொகுதி. அவற்றுள் எடுத்தவை எத்தனை என்பதை அது காட்டும். பகுதி என்றதும் புலவர்க்குப் பகுபத உறுப்பே நினைவுக்கு வரும். அங்கும் அது சொல்லின் அடி. இங்கும் எண்ணின் அடியில் நிற்பதே.

பழந்தமிழ்க் கணக்கில் இவ்விரண்டும் தனித்து நிற்கவில்லை, பெயருக்குள் கரந்திருந்தன. திண்ணைப் பள்ளியில் எண்சுவடி மனனம் செய்த மாணவனுக்கு முந்திரி 320இல் ஒன்று. காணி 80இல் ஒன்று. மா 20இல் ஒன்று. முந்திரியை அலகாகக் கொண்டால் காணி 4, மா 16, வீசம் 20, அரைக்கால் 40. ஒரு மாவும் ஒரு காணியும் ஒரு வீசமும் கூடினால் என்ன? பதினாறும் நான்கும் இருபதும் நாற்பது, ஆகவே அரைக்கால். இன்று மீச்சிறு பொது மடங்கு தேடிப் பெறும் பொதுப் பகுதியை அன்றைய முறை 320 என முன்னரே வகுத்து வைத்திருந்தது. முந்திரியையும் 320 கூறிட்டால் கீழ்முந்திரி, அதாவது 1,02,400இல் ஒன்று. தஞ்சைப் பெரிய கோயிலின் முதலாம் இராசராசன் கல்வெட்டுகளில் ‘கீழ்’ என்னும் அடைபெற்ற இத்தகைய பின்னங்கள் நில அளவில் பயில்கின்றன.

நான்கைவிட எட்டுப் பெரிதாதலின் கால் பங்கைவிட எட்டில் ஒரு பங்கு பெரிதென மயங்கும் பிள்ளைகள் உண்டு. ‘அரைக்கால்’ என்ற சொல் அம்மயக்கத்திற்கு இடந்தராது. காலிற் பாதி என்று அதுவே சொல்லிவிடுகிறது.

எனினும் இம்முறையைக் குறையற்றதென்று புகழ்தல் பொருந்தாது. 320 என்பது இரண்டுகளும் ஓர் ஐந்தும் பெருகி வந்த எண். ஆதலால் மூன்றில் ஒன்றை எத்தனை முந்திரி கூட்டியும் முழுதாகப் பெற இயலாது. எண்ணின்மேல் எண்ணை வைக்கும் முறைக்கு அத்தடை இல்லை. பிரம்மகுப்தர் 628இல் இயற்றிய நூலின் காலத்திலேயே இந்தியக் கணிதர் அவ்வாறு எழுதினர். நடுவில் கோடு அப்போதில்லை. பன்னிரண்டாம் நூற்றாண்டில் வடமேற்கு ஆப்பிரிக்காவின் மக்ரிபைச் சேர்ந்த அல்-ஹஸ்ஸார் அக்கோட்டைப் பயன்படுத்தினார். 1202இல் பிபோனாச்சியின் நூல்வழி அது ஐரோப்பாவில் பரவியது.

1957 ஏப்ரல் 1இல் பதின்ம நாணயம் நடைமுறைக்கு வந்தது. ரூபாயில் வீசமாக இருந்த ஓரணா, ஆறேகால் புதுக்காசாயிற்று. பதினைந்து அணாதான் முக்காலே மூன்று வீசம் என்பது அச்சொல்லை ஆள்வோர் பலரின் நினைவில் இன்று இல்லை.