சிவப்பு மருந்தும் கொழுப்புக் குமிழும்

அக்காவுக்கு மார்பகப் புற்றுநோய்க்கு மருந்து ஏற்றிய நாட்களில், குழாயில் இறங்கிய சிவப்பு நிறம் இன்னும் என் கண்ணில் நிற்கிறது. அந்த மருந்து டொக்ஸோரூபிசின். அது இதயத்தையும் பாதிக்கலாம் என்பதால் முதலில் எக்கோ எடுத்துப் பார்த்தார்கள். "கட்டி ஒரு இடத்திலதானே, மருந்து ஏன் இதயத்துக்குப் போகுது?" என்று அக்கா கேட்டா. என்னிடம் பதில் இருக்கவில்லை. பின்னர் தேடி வாசித்ததை, அதே கேள்வியோடு இருப்பவர்களுக்காக எழுதுகிறேன்.

குருதியில் கலந்த மருந்து, குருதி ஓடும் இடமெல்லாம் போகும். அதைத் தடுக்கக் கண்ட வழிகளில் ஒன்று, மருந்தை நுண்ணிய பொதியில் அடைத்து அனுப்புவது. அந்தப் பொதிகளில் ஒன்றுதான் லிப்போசோம். பொஸ்போலிப்பிட்டு என்ற கொழுப்பு மூலக்கூறின் தலை நீரை நாடும். வால் நீரை விலக்கும். நீரில் இட்டால் வால்கள் உள்ளே ஒதுங்க, தலைகள் நீரை நோக்கி நிற்க, இரட்டைப் படைச் சுவர் கொண்ட குமிழ்கள் தாமாகவே உருவாகும். எங்கள் கலங்களின் மென்சவ்வும் இதே அமைப்புத்தான். 1960களில் இங்கிலாந்தில் அலெக் பாங்ஹாம் இந்தக் குமிழ்களை விபரித்தார்.

1995இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற டொக்ஸில், இத்தகைய குமிழில் அடைத்த டொக்ஸோரூபிசின். ஒரு குமிழ் ஏறத்தாழ 100 நனோமீற்றர். 1 மில்லிமீற்றரில் 10,000 குமிழ்களை வரிசையாக வைக்கலாம். அவசரமாக வளரும் கட்டியின் குருதிக் குழாய்களில் இடைவெளிகள் உண்டு. குமிழ் அவற்றினூடாகக் கசிகிறது. இதயத்தின் இறுக்கமான குழாய்ச் சுவரை அது எளிதில் தாண்டாது. அதனால் இதயப் பாதிப்புக் குறைந்தது. ஆனால் உள்ளங்கையும் உள்ளங்காலும் சிவந்து தோல் உரிவது இதன் பக்கவிளைவு.

இது குறி தவறாத அம்பும் அல்ல. விலங்குகளில் நடந்த ஆய்வுகளை 2016இல் தொகுத்துப் பார்த்தபோது, செலுத்திய நனோத் துகள்களில் கட்டியை அடைந்தது நடுப்பெறுமானமாக 0.7 சதவீதம் மட்டுமே. பெரும்பகுதியை ஈரலும் மண்ணீரலும் பிடித்துக்கொள்கின்றன.

ஆயினும் இந்த வழியின் உறவினரை நாங்களும் கண்டிருக்கிறோம். 2021இல் இலங்கையில் ஏற்றப்பட்ட பைசர், மொடேர்னா தடுப்பூசிகளில் ஆர்.என்.ஏ. வந்தது, தாமாக ஒன்றுகூடும் கொழுப்புத் துகள்களுக்குள்தான்.

டொக்ஸில் எல்லாப் புற்றுநோய்க்கும் உரியதல்ல. அக்காவுக்கு ஏற்றியது பொதியிடாத பழைய மருந்து. அதுவும் தன் வேலையைச் செய்தது. சிவப்பு மருந்து ஏற்றிய ஓரிரு நாட்களுக்குச் சிறுநீர் சிவந்து போகலாம். அது மருந்தின் நிறம், பயப்பட வேண்டாம். மூச்சு வாங்கினாலோ கால் வீங்கினாலோ அடுத்த கிளினிக் நாள்வரை காத்திராமல் வைத்தியரிடம் சொல்லுங்கள்.