ஆம்பள டாக்டர்கிட்ட எப்படிக் காட்டுறது?

கொஞ்சம் நீளமான பதிவு மக்களே. டீயோ காபியோ எடுத்துக்கிட்டு உக்காருங்க.

முதல்ல ஒரு டிஸ்கி: நான் டாக்டர் இல்லை. பெங்களூர்ல பொட்டி தட்டிப் பொழைக்கிற ஆம்பூர்ப் பக்கத்து ஆள். ஊர் வரலாற்றைத் தோண்டுறது பொழுதுபோக்கு. பாலாறு, தோல், பிரியாணின்னு சுத்திச் சுத்தி வந்த இந்த வலைப்பூ இன்னிக்குக் கொஞ்சம் சங்கடமான விஷயத்துக்குப் போகுது. மார்பகப் புற்றுநோய்.

வேலூர் சி.எம்.சி. எப்படி ஆரம்பிச்சதுன்னு எங்க பக்கம் பாதிப் பேருக்குத் தெரியும். இருந்தாலும் சொல்லிடறேன். 1890களின் தொடக்கத்தில் ஐடா ஸ்கடர் என்ற அமெரிக்கப் பொண்ணு, உடம்பு சரியில்லாத அம்மாவைப் பார்த்துக்கத் திண்டிவனம் வந்திருந்தார். அப்பா டாக்டர். ஒரே ராத்திரியில மூணு பேர் அடுத்தடுத்து வந்து கதவைத் தட்டுறாங்க. மூணு பேர் மனைவியும் பிரசவ வலியில. "எங்கப்பா வருவார்"னு ஐடா சொல்ல, மூணு பேருமே ஆம்பளை டாக்டர் வேணாம்னு திரும்பிப் போயிட்டாங்க. விடிஞ்சப்போ மூணு பெண்களும் உயிரோட இல்லை. மூணு பேரும் ஒரே சாதி, ஒரே மதம் இல்லைங்கறதைக் கவனிங்க. அந்த விஷயத்துல மட்டும் எல்லாருக்கும் ஒத்த கருத்து!

மருத்துவம் படிக்கவே மாட்டேன்னு இருந்த ஐடா, அமெரிக்கா போய் கார்னெல்ல படிச்சு 1899-ல் டாக்டரானார். 1900-ல் வேலூர்ல ஒரே ஒரு கட்டிலோட வைத்தியம் ஆரம்பம். 1902-ல் 40 படுக்கையோட மேரி டேபர் ஷெல் மருத்துவமனை. அதுக்கப்புறம் குடியாத்தம் ரோட்டுல மரத்தடியில வண்டியை நிறுத்தி, வர்றவங்களையெல்லாம் பார்ப்பாராம். 1918-ல் பெண்களுக்கு மட்டுமான மருத்துவப் பள்ளி. ஆண்களைச் சேர்த்தது 1947-லதான்.

இதுக்கும் மார்பகப் புற்றுநோய்க்கும் என்ன சம்பந்தம்னு கேக்குறீங்களா? பிரசவம் ஒரே ராத்திரியில முடிவு சொல்லிடும். இந்த நோய் மாசக்கணக்கா, சில பேருக்கு வருஷக்கணக்கா டைம் குடுக்கும். அந்த டைம் பூரா "எப்படிக் காட்டுறது"ன்னே போயிடுது. திண்டிவனத்துல நடந்ததேதான், மெதுவா நடக்குது, அவ்வளவுதான்.

ஏன் தள்ளிப் போடுறாங்க? ஒரு பெரிய காரணம், பெரும்பாலும் வலிக்காது. நம்ம ஊர்ல வலிச்சாத்தான் நோய். மார்ல பட்டாணி மாதிரி கெட்டியா ஒண்ணு தட்டுப்படும், அமுக்கினா வலி இல்லை, வேலை செய்ய முடியுது, அப்புறம் என்ன? இன்னும் சிலருக்குக் கட்டி கைக்குத் தெரியாது. ஒரு எடத்துல தோல் உள்வாங்கிக் குழி விழும், இல்லைன்னா ஆரஞ்சுத் தோல் மாதிரி தடிச்சுப் புள்ளி புள்ளியா மாறும். எப்பவும் வெளியே இருந்த காம்பு புதுசா உள்ளே இழுத்துக்கும். பால் குடுக்காத நேரத்துல, முக்கியமா ஒரு பக்கம் மட்டும், தானா நீரோ ரத்தமோ கசியும். காம்பைச் சுத்தி ஆறாத படை மாதிரி வந்து, அதுக்கு ஆயின்மென்ட் தடவிக்கிட்டே ஆறு மாசம் ஓட்டுனவங்க உண்டு. சில நேரம் அக்குள்ல நெறி கட்டினதுதான் முதல் அடையாளம். இதெல்லாம் வந்தா புற்றுநோய்தான்னு அர்த்தம் இல்லை. கட்டிகள்ல பெரும்பாலானது சாதாரணக் கட்டிதான். ஆனா எது எதுன்னு ஸ்கேனும் ஊசி டெஸ்ட்டும்தான் சொல்லும், பக்கத்து வீட்டு அக்கா சொல்ல முடியாது.

இன்னொரு காரணம் பயம். "போனா அறுத்து எடுத்துடுவாங்க." இதை அறியாமைன்னு ஒதுக்குறதுல எனக்கு உடன்பாடு இல்லை. அந்தப் பயத்துக்கு வரலாறு இருக்குங்க. ஃபேனி பர்னின்னு ஒரு ஆங்கில நாவலாசிரியை. 1811-ல் பாரிஸ்ல, மயக்க மருந்தே இல்லாத காலத்துல, முழு நினைவோட மார்பகத்தை எடுத்தாங்க. அதை அக்காவுக்கு ஒரு கடிதமா எழுதி வச்சிருக்கார்; ராத்திரியில படிக்காதீங்க. அவங்களும் ஆரம்பத்துல டாக்டர்கிட்ட போக மறுத்து, வீட்டுக்காரர் நச்சரிச்ச பிறகுதான் போனாங்க. ஆக இது ஆம்பூர் பிரச்சினை மட்டும் இல்லை. அறுவைக்கு அப்புறம் 1840 வரைக்கும் வாழ்ந்தார்ங்கறது தனி ஆச்சரியம்.

19-ஆம் நூற்றாண்டு முடியற நேரத்துல அமெரிக்காவில் ஹால்ஸ்டெட் வந்தார். மார்பகத்தோட நெஞ்சுத் தசையையும் அக்குள் முடிச்சுகளையும் சேர்த்து எடுக்கிற முறை. முக்கால் நூற்றாண்டு அதுதான் வேதவாக்கு. பெர்னார்ட் ஃபிஷர் குழு 1985-ல் வெளியிட்ட ஆய்வுதான் ஆரம்ப நிலையில கட்டியை மட்டும் எடுத்துக் கதிர்வீச்சு குடுத்தாலும் உயிர் பிழைக்கிற வாய்ப்பு அதே அளவுன்னு காட்டிச்சு. சீக்கிரம் போனா மார்பகத்தையே காப்பாத்தலாம். லேட்டா போறவங்களுக்குத்தான் பல நேரம் முழுசா எடுக்க வேண்டி வருது. பயந்து தள்ளிப் போட்டா, எதுக்குப் பயந்தோமோ அதுவே நடக்குது.

மெட்ராஸ் பக்கமும் ஒரு எட்டு. 1912-ல் மருத்துவப் பட்டம் வாங்கின முத்துலட்சுமி ரெட்டி, தன் தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்தவர். வேற நோய்னு வைத்தியம் பார்த்து, உண்மை தெரியறப்போ நேரம் கடந்துடுச்சு. அவர் பிடிவாதத்துல 1954-ல் அடையாறு புற்றுநோய் மருத்துவமனை வந்தது, 12 படுக்கையோட. அடுத்த வருஷம் சேர்ந்த டாக்டர் சாந்தா 2021-ல் இறக்குற வரைக்கும் அங்கேயேதான் இருந்தார்.

சரி, நம்ம ஊருக்கு வருவோம். ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டை டேனரிகள்ல பெரும்பாலும் ஆம்பளைங்கதான் வேலை. 1970கள்ல மத்திய அரசு பாதி பதனிட்ட தோலை ஏற்றுமதி பண்றதுக்குக் கட்டுப்பாடு போட்டு, முடிச்ச தோலாவும் செருப்பாவும் அனுப்பச் சொன்னது. அதுக்கப்புறம்தான் ஷூ கம்பெனிகள் பெருகி, தையல் மிஷின்ல பெண்கள் வரிசையா உக்காந்தாங்க. விடியக்காலையில கம்பெனி பஸ்ஸுக்கு டிபன் பாக்ஸோட நிக்கிற கூட்டத்தைப் பார்த்தா இது பெண்களோட தொழில்னே தோணும்.

உடனே ஒரு கேள்வி வரும்: தோல் கெமிக்கலாலதான் இந்த நோயா? பாலாறு நாசமானது உண்மை, 1996-ல் சுப்ரீம் கோர்ட்டே கடுமையா தீர்ப்பு சொல்லிச்சு. தோல் தூசு மூக்குப் புற்றுநோயோட சம்பந்தப்பட்டது, ஆறு இணைதிறன் குரோமியம் நுரையீரல் புற்றுநோயோட. மார்பகப் புற்றுநோய்க்கு அப்படி நிரூபணம் கிடையாது. டேனரியைத் திட்ட ஏகப்பட்ட காரணம் இருக்கு, இல்லாத ஒண்ணைச் சேர்க்க வேணாம். டேனரியே இல்லாத ஊர்லயும் வருது. 2022-ல் இந்தியாவுல சுமார் 1.92 லட்சம் பேருக்குப் புதுசா வந்திருக்கு, சுமார் 98 ஆயிரம் பேர் இறந்திருக்காங்க.

கம்பெனின்னதும் ஷாங்காய் ஞாபகம் வருது. அங்க 500-க்கு மேற்பட்ட ஜவுளி ஆலைகள்ல சுமார் 2 லட்சத்து 66 ஆயிரம் பெண்களை ரெண்டு குழுவாப் பிரிச்சு, ஒரு குழுவுக்கு மட்டும் சுயபரிசோதனை சொல்லிக் குடுத்தாங்க. 2002-ல் முடிவு: சாவு குறையலை. தேவையில்லாத பயாப்ஸிதான் கூடிச்சு. மாசாமாசம் தேதி குறிச்சுத் தடவிப் பார்த்தாப் போதும்ங்கற நம்பிக்கைக்கு அது பெரிய அடி. (தன் உடம்பு வழக்கமா எப்படி இருக்கும்னு தெரிஞ்சு வச்சுக்கறதும், மாறினா உடனே காட்டுறதும் வேற விஷயம். அது வேணும்.)

அப்புறம் மும்பை. டாடா நினைவு மருத்துவமனை 1998-ல் ஆரம்பிச்சு, 35-லிருந்து 64 வயசு வரை சுமார் ஒன்றரை லட்சம் பெண்களை 20 வருஷம் தொடர்ந்தது. பாதிப் பேரைப் பயிற்சி பெற்ற பெண் பணியாளர்கள் ரெண்டு வருஷத்துக்கு ஒரு தடவை கையால பரிசோதிச்சாங்க, நாலு சுற்று. 2021-ல் வந்த முடிவுப்படி முற்றின நிலையில கண்டுபிடிக்கிறது 47 சதவீதத்திலிருந்து 37-க்குக் குறைஞ்சுது. 50 வயசுக்கு மேல சாவு கிட்டத்தட்ட 30 சதவீதம் குறைவு. 50-க்குக் கீழே சாவு குறைஞ்சதாத் தெரியலைங்கறதையும் மறைக்காமச் சொல்லணும். இதுல மேமோகிராம் மெஷின் கிடையாது. கை, கண், அதுவும் ஒரு பொம்பளையோட கை. ஐடாம்மா 1900-லயே பிடிச்ச பாயிண்ட் இதுதான்!

2023-ல் தமிழக அரசு புற்றுநோய்ப் பரிசோதனைத் திட்டத்தை முதல்ல நாலு மாவட்டங்கள்ல தொடங்கிச்சு: ஈரோடு, கன்னியாகுமரி, ராணிப்பேட்டை, திருப்பத்தூர். கடைசி ரெண்டும் நம்ம தோல் ஏரியா, 2019 வரைக்கும் வேலூர் மாவட்டம். 30 வயசு தாண்டின பெண்களுக்கு மார்பகம், கருப்பைவாய் ரெண்டையும் பார்க்கணும்ங்கறது திட்டம். ஆனா பகல் பூரா மிஷின்ல இருக்கிறவங்களுக்கு ஆரம்ப சுகாதார நிலையம் போக லீவு போடணும். ஈ.எஸ்.ஐ.ல தகுதி உள்ளவங்களுக்குப் புற்றுநோய்னா சம்பளத்துல 80 சதவீதம், ரெண்டு வருஷம் வரை கிடைக்க வழி இருக்கு. அது நோய் உறுதியான பிறகு. கட்டியைக் காட்டப் போற அந்த முதல் நாளுக்கு சம்பளம் கட். காட்டுற எடத்தை மரத்தடிக்கே கொண்டு போன ஊர்ங்க இது. கம்பெனி கேட்டுக்குள்ள ஒரு ரூம், ஒரு நர்ஸ், ரெண்டு வருஷத்துக்கு ஒரு தடவை பத்து நிமிஷம். கம்பெனி ஹெச்.ஆர்.ல யாராவது இதைப் படிக்கிறீங்கன்னா, எவ்வளவு செலவாகும்னு ஒரு கணக்குப் போட்டுப் பாருங்களேன்.